எரிஞ்சதா, எரிச்சதா?

“என்னை அவர் எரித்தார்.”

பொலிஸ் வாக்குமூலத்தின் தமிழ் மொழிபெயர்ப்பில் இருந்த வரி இது. சொன்னவர் முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றைச் சேர்ந்த 34 வயதுப் பெண். நேரம் நள்ளிரவு தாண்டி 1 மணி. கேட்டவர் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர். அவர் எழுதியது சிங்களத்தில். பக்கத்தில் நின்று, “அக்கா இப்பிடிச் சொல்லுறா” என்று எடுத்துக்கொடுத்தவர் இரவுக் கடமையில் இருந்த தாதி. ஒன்பதாம் நாள் அந்தப் பெண் இறந்துவிட்டார்.

நான் பேச்சு சிகிச்சையாளர். பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்கள், திக்குகிற பிள்ளைகள், அண்ணப் பிளவுள்ள குழந்தைகள்தான் என் அன்றாட வேலை. தீக்காய விடுதிக்கு என்னைக் கூப்பிடுவது பெரும்பாலும் ‘இவர் விழுங்குவாரா’ என்று பார்க்கத்தான். இந்த முறை சட்ட வைத்திய அதிகாரி கூப்பிட்டார். மூச்சுக்காகத் தொண்டைக்குள் குழாய் போட்டிருக்கும் ஒருவரிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்க முடியுமா என்பது அவருடைய கேள்வி.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இதில் வரும் பெண் ஒருத்தி அல்ல. பல கட்டில்களுக்குப் பக்கத்தில் கண்டதையும் கேட்டதையும் ஒருத்தியின் கதையாகச் சேர்த்திருக்கிறேன். ஊர், நாள், உறவு எல்லாம் மாற்றியவை. தீக்காயத்தில் உடம்பும் நாக்கும் எப்படி நடந்துகொள்ளும் என்பதை மட்டும் மாற்றவில்லை.

அந்த இரவு

மின்சாரக் கட்டணம் கட்டாததால் வீட்டுக்கு லைன் வெட்டியிருந்தார்கள். குசினி தனிக் கொட்டில். பலகை மேசையில் ஒரு போத்தல் விளக்கு: வெற்றுப் போத்தல், மூடியில் ஆணியால் அடித்த ஓட்டை, அதற்குள் தகரக் குழல், திரி. சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தபோது ஜாம் போத்தலில் கொஞ்சம் எண்ணெயும் பஞ்சும் வைத்துப் படித்த தலைமுறை அவருடையது. அவருக்கு இது பழகிய சாமான். ஆனால் உயரமான, எடையில்லாத போத்தல் சாய்ந்தால் மூடி கழன்று எண்ணெய் முழுவதும் கொட்டும். விஜய கொடகும்புர என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இப்படிச் சுட்டு வந்தவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் கட்டையான, கனமான, உருளாத, திருகுமூடி போட்ட விளக்கொன்றை உருவாக்கினார். அதற்காக 1998இல் ரோலெக்ஸ் விருதும் அவருக்குக் கிடைத்தது. அந்த விளக்கு இந்தக் குசினிக்கு வந்து சேரவில்லை.

இரவு எட்டரை அளவில் கணவர் குடிவெறியில் வந்திருக்கிறார். வாய்த்தர்க்கம். பிறகு ஒரு கூச்சல். அயலில் இருந்த அக்கா ஓடிவந்து சாக்கால் மூடியிருக்கிறார். ஆட்டோ பிடித்து ஊர் ஆஸ்பத்திரி, அங்கிருந்து அம்புலன்சில் பரந்தன் வீதி வழியாக இன்னொரு ஆஸ்பத்திரி, விடியப்புறம் ஏ9 ஆல் ஆனையிறவு தாண்டி இன்னும் வடக்கே.

சுட்டது உடம்புத் தோலில் எத்தனை வீதம் என்று கணக்கெடுப்போம்: முகமும் கழுத்தின் முன்பக்கமும் 4.5 வீதம், நெஞ்சும் வயிறும் 18, இரண்டு கைகளும் 18, தொடையில் ஒன்றரை உள்ளங்கை அளவு. நோயாளியின் உள்ளங்கை விரல்களோடு சேர்த்தால் ஏறக்குறைய 1 வீதம். மொத்தம் 42. பிழைப்பாரா என்று மதிப்பிட இதோடு வயதைக் கூட்டுவார்கள்: 76. மூச்சுவழியும் சுட்டிருந்தால் இன்னும் 17 கூட்டச் சொல்வார்கள்: 93. எண் ஏற ஏற நம்பிக்கை இறங்கும். எல்லா வசதியும் உள்ள தீக்காயப் பிரிவில் 93 தேறக்கூடிய எண்தான்.

“42 வீதம் எரிஞ்ச ஆள் என்னண்டு தெளிவாக் கதைக்கிறது?” என்று ஒரு சட்டத்தரணி என்னிடம் கேட்டிருக்கிறார். கதைக்கலாம். பாதி உடல் சுட்டவர்கூட முதல் சில மணித்தியாலம் பெயர், ஊர், பிள்ளை சாப்பிட்டதா என்பது எல்லாம் தெளிவாகச் சொல்வார். ஆழமாகச் சுட்ட இடத்தில் நரம்பு முனைகளும் போய்விடுவதால் அங்கே நோவும் குறைவு. இப்படி அமைதியாகக் கதைப்பதைப் பார்த்து உறவினர் ஏமாந்துபோவதுண்டு. புகை கூடுதலாகப் போனவரின் கதை வேறு. காபனோரொட்சைட்டு இரத்தத்தில் ஒக்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டும். விரலில் மாட்டும் ஒக்சிசன் மீற்றர் அதைப் பிரித்தறியாமல் நல்ல எண்ணையே காட்டும். மூளையோ திணறும். இவர் திறந்த கொட்டிலில் இருந்தவர், அந்தப் பிரச்சினை பெரிதாக இருந்திருக்காது. ஆனால் மூக்குமயிர் கருகியிருந்தது, சளியில் கரி, குரல் கரகரப்பு. சூடு தொண்டைக்குள் போயிருக்கிறது என்பதற்கு இந்த மூன்றும் போதும்.

ஒரு எழுத்து

அந்தக் கரகரப்பிலிருந்துதான் வழக்கே தொடங்குகிறது.

சுட்ட தொண்டை மணிக்கு மணி வீங்கும். முதல் ஒன்றரை நாளுக்குள் வீக்கம் உச்சத்துக்குப் போகும். குரல்நாண் தடித்தால் அது ஒழுங்காக அதிராது. அதிர்வு போனால் குரல் கிசுகிசுப்பாகிவிடும். உதடு வீங்கினால் ப, ம இரண்டும் சரியாக வராது, ஏனென்றால் அவை இரண்டு இதழும் பொருந்திப் பிறக்கிற எழுத்துகள். கீழுதடு பல்லைத் தொடாவிட்டால் வ-வும் சரியாக வராது. மூக்கு உள்ளே வீங்கி, ஒரு துவாரத்தில் இரைப்பைக் குழாயும் ஏறிவிட்டால் மெல்லினம் முழுவதும் போய்விடும்.

தடிமன் பிடித்த பிள்ளை “அம்மா” என்று கூப்பிட்டால் “அப்பா” மாதிரிக் கேட்கும் என்று வீட்டில் பகிடி பண்ணுவோம் அல்லவா, அதேதான்.

இப்போது தமிழ் வினைச்சொல்லைப் பாருங்கள். எரிந்தது, எரித்தது. உடைந்தது, உடைத்தது. கவிழ்ந்தது, கவிழ்த்தது. தானாக நடந்ததற்கும் ஒருவர் செய்ததற்கும் இடையில் ஒரு மெல்லினம்தான் வேலி. பேச்சில் அது ஞ்: எரிஞ்சது, எரிச்சது. மூக்கு அடைத்தால் ஞ்-இன் மூக்கொலி போகும். குரல்நாண் அதிராவிட்டால் அதைத் தொடரும் சகரத்தின் அதிர்வும் போகும். இரண்டும் போனபின் எஞ்சுவது அச்சொட்டாக ச்ச. அதாவது, தொண்டையும் மூக்கும் சுட்ட தமிழர் ஒருவர் “எரிஞ்சது” என்று சொல்ல முயன்றால், கேட்பவர் காதில் “எரிச்சது” என்றுதான் விழும். இந்தப் பிழை ஒரு பக்கமாகவே சாயும். விபத்தைச் சொன்னால் குற்றமாகக் கேட்கும். குற்றத்தைச் சொன்னால் விபத்தாகக் கேட்காது.

இது எனக்கே பிந்தித்தான் உறைத்தது. வருடக்கணக்காக மூக்கொலிப் பயிற்சி கொடுக்கிறேன். இதை நீதிமன்றத்தோடு சேர்த்து யோசித்ததில்லை.

தாதியிடம் தனியாகக் கேட்டேன். “தங்கச்சி, அண்டைக்கு அவ சொன்னதை அப்பிடியே சொல்லிக் காட்டுங்கோ. விளங்கினதை வேண்டாம், கேட்டதை.” நல்ல பிள்ளை. கண்ணை மூடி யோசித்து, கிசுகிசுத்த குரலிலேயே சொல்லிக் காட்டினார்: “அவர்… ரேக்க… எரிச்சது.”

நம்மூர்ப் பேச்சில் “அவர் சொன்னது”, “அவர் செய்தது” என்று முடிப்பது வழக்கம். ஆகவே “அவர் எரிச்சது” என்றால் அவர் எரித்தார் என்றே யாரும் எடுப்பார்கள். நடுவில் கிடந்த “ரேக்க” யாருக்கும் பிடிபடவில்லை, விட்டுவிட்டார்கள். எனக்கு அது “வரேக்க” போலக் கேட்டது, முன்னால் இருந்த வ மட்டும் உதட்டோடு போய்விட்டது. அவர் வரேக்க எரிஞ்சது. அவர் வரும்போது எரிந்தது. வேறு ஏதாவதாகவும் இருக்கலாம்.

சிங்களத்திலும் தானாக எரிவதற்கும் எரிப்பதற்கும் வேறு வேறு வினை உண்டு. உத்தியோகத்தர் தான் விளங்கிக்கொண்டதற்குச் சரியான வினையைத்தான் எழுதியிருக்கிறார். எழுதிய பிறகு அந்தத் தேய்ந்த ஓசைக்குத் தாளில் இடமில்லை. அதைத் திரும்பத் தமிழாக்கியவர் ‘என்னை’ என்ற சொல்லையும் சேர்த்து ஒரு முழு வசனமாக்கிவிட்டார். யாரும் பொய் சொல்லவில்லை. மூன்று பேரும் உதவி செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஏன் அந்த நேரத்தில் கேட்டார்கள் என்றால், மயக்க மருந்து டொக்டர் குழாயோடு காத்துக்கொண்டு நின்றார். குழாய் குரல்நாண்களுக்கு நடுவால் போகும். போனபின் ஒரு ஓசையும் வராது. தாமதித்தால் தொண்டை அடைத்து ஆளே போய்விடும். “ரெண்டு நிமிசம் தாறன், கேளுங்கோ” என்று அவர் சொன்னது நியாயம்தான். 10:30க்கு ஏற்றிய மோர்பின் இருந்தது, ஆனால் சிறிய அளவு. அதில் ஆள் குழம்பியிருப்பார் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆட்டோவில் சொன்னது

இதற்கு முன்பே ஒரு கூற்று இருக்கிறது. ஒன்பது மணியளவில், ஆட்டோவில், குரல் இன்னும் போகாத நேரத்தில், அயல் அக்காவிடம் சொன்னது: “லாம்பு விழுந்து எரிஞ்சது அக்கா, பிள்ளையைப் பாருங்கோ.” ஒலியை மட்டும் பார்த்தால் நம்பவேண்டியது இதைத்தான். சூட்டோடு சூடாக, மருந்து ஏறாமல், தெளிந்த தொண்டையால் வந்தது.

ஆனால் அக்கா கணவருக்கு ஒன்றுவிட்ட சகோதரி. பொலிசுக்குச் சொன்னது மூன்றாம் நாள். அதைவிட, ஆட்டோவில் முன்சீற்றில் கணவரும் இருந்தார். அவர் காது கேட்க, வீட்டில் பிள்ளை அவர் ஆட்களோடு நிற்க, ஒரு பெண் வேறு எதைச் சொல்வாள்? தீக்காய விடுதியில் வேலை செய்யும் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்: முதல் கதை பெரும்பாலும் ‘அடுப்பு’, ‘லாம்பு’. உறவினர் வெளியே போனபின் வேறு கதை வருவதும் உண்டு, வராமலே போவதும் உண்டு. தெளிவாகக் கேட்டதாலேயே ஒரு கூற்று உண்மையாகிவிடாது.

சட்டம்

இலங்கையின் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895இன் 14ஆம் இலக்கம். அதன் 32(1) பிரிவில், இறந்தவர் தன் சாவின் காரணத்தைப் பற்றிச் சொன்னது சான்றாகும். இங்கிலாந்தின் பழைய விதிபோல, சாகப்போகிறோம் என்று தெரிந்து சொல்லியிருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே ஆட்டோவில் சொன்னதும் உள்ளே வரும், கட்டிலில் சொன்னதும் உள்ளே வரும்.

பேசவே முடியாதவர் காட்டிய சைகையும் உள்ளே வரும். 1885இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, கழுத்து வெட்டப்பட்ட ஒரு இளம்பெண் கேள்விகளுக்குக் கையால் காட்டிய பதிலை ஏற்றது. நம்முடைய நாட்டிலிருந்தே 1930களில் சந்திரசேகர வழக்கு, அப்போதைய கடைசி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவிக் கவுன்சில்வரை போனது. அதிலும் கழுத்து வெட்டப்பட்ட பெண், சைகை, தலையசைப்பு. கேள்வியையும் அசைவையும் சேர்த்தால் அது ‘வாய்மொழிக் கூற்று’தான் என்று முடிவானது.

மன நிலை பற்றிய சண்டை இந்தியாவில் தீக்காய வழக்குகளால் பெரிதானது. 1999இல் இந்திய உச்ச நீதிமன்றம் பாபரம்பாக ரோசம்மா வழக்கில், ‘சுயநினைவோடு இருந்தார்’ என்று மட்டும் டொக்டர் எழுதினால் போதாது, ‘தெளிந்த மனநிலை’ என்று எழுதவேண்டும் என்றது. 2002இல் லக்ஷ்மன் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அதை மாற்றினார்கள்: பதிவு செய்தவர் திருப்திப்பட்டால் போதும், டொக்டரின் சான்று முன்னெச்சரிக்கைக்கே. இரண்டு தீர்ப்பும் கேட்பது அவர் யோசிக்கக்கூடிய நிலையில் இருந்தாரா என்பதை. அவர் நாக்கில் எந்த எழுத்து மிஞ்சியிருந்தது என்பது அந்தக் கேள்விக்குள் வராது. என் மனக்குறை அதுதான். தெளிந்த மனம், தேய்ந்த ஓசை: இந்தச் சேர்க்கைக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

தண்டனைச் சட்டக்கோவையில் 296 கொலை. 297 கொலையாகாத குற்றமான உயிரிழப்பு. 298 கவலையீனத்தால் வந்த சாவு. மூன்றும் அடுத்தடுத்த பிரிவு.

நாலாம் நாள் காலை

முதல் இரண்டு நாளும் கண்ணிமை வீங்கி மூடியிருந்தது. நாலாம் நாள் முக வீக்கம் வடிந்து கண் திறந்தார். தூக்க மருந்தைக் காலையில் குறைத்திருந்தார்கள். வாயில் குழாய், அதைப் பிடித்துக் கட்டிய நாடா. இரண்டு கையும் கட்டுக்குள், எழுத முடியாது, கைநாட்டும் வைக்க முடியாது. கழுத்தும் கட்டுக்குள். தலையாட்டலை நான் எப்படியும் நம்பமாட்டேன். நம் ஆட்கள் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் அது ஓமா, சரி பார்ப்போமா, கதையை முடி என்பதா என்று பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாது.

ஆகவே கண். மேலே பார்த்தால் ஓம். இறுக மூடினால் இல்லை. சும்மா இமைப்பது கணக்கில்லை.

முதலில் கவனத்தைச் சோதித்தேன். எழுத்துகளைக் கலந்து ஒவ்வொன்றாகச் சொல்லி, ‘க’ வரும்போது மட்டும் மேலே பார்க்கச் சொன்னேன். பத்தில் ஒன்றைத்தான் தவறவிட்டார். பிறகு விடை தெரிந்த கேள்விகள், பாதிக்கு ‘இல்லை’தான் சரி. “உங்களுக்கு ரெண்டு பிள்ளையோ?” இல்லை. “ஒண்டோ?” ஓம். “இது உங்கட வீடோ?” இறுக மூடினார், கொஞ்சம் கோபத்தோடு என்று எனக்குப் பட்டது. எல்லாவற்றுக்கும் ஓம் சொல்லும் நிலையில் அவர் இல்லை.

சட்ட வைத்திய அதிகாரி பக்கத்தில் நின்று கேள்வியையும் பதிலையும் தனித்தனி வரியில் எழுதினார். அம்மாவையும் கணவரின் ஆட்களையும் வெளியே அனுப்பியிருந்தோம்.

எண்ணெயை ஆரும் உங்களுக்கு மேல ஊத்தினவையோ? இல்லை.
லாம்பு விழுந்ததோ? ஓம்.
தானா விழுந்ததோ? இல்லை.
உங்கட கை பட்டதோ? இல்லை.
வேற ஆற்றையும் கை பட்டதோ?

மேலேயும் பார்க்கவில்லை, மூடவுமில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். களைத்துவிட்டார் என்று நினைத்தேன். திரும்பக் கேட்டேன், அதே பார்வை. அப்போதுதான் கேள்வி பிழையாக இருக்கலாம் என்று தோன்றியது. “கையா? காலா? வேற ஏதுமா?” காலுக்கு மேலே பார்த்தார். வரிசையை மாற்றிக் கேட்டேன்: “வேற ஏதுமா? காலா? கையா?” மறுபடி காலுக்கு.

நீங்கள் அப்ப நிண்டு கொண்டிருந்தீங்களோ? இல்லை. இருந்தோ? ஓம். நாலு பெயர் சொன்னேன், ஒன்று நானே இட்டுக்கட்டியது. கணவர் பெயருக்கு மட்டும் மேலே பார்த்தார்.

தரையில் துருவலைப் பலகையில் குந்தித் தேங்காய் துருவிக்கொண்டு இருந்திருக்கிறார். கால் மேசையில் பட்டதோ, மேசையை உதைத்ததோ, விளக்கு மேலிருந்து அவர் மேல் கவிழ்ந்திருக்கிறது. முகத்திலிருந்து கீழ்நோக்கிப் போன காயத்தை வைத்து ‘தலையில் ஊற்றியது’ என்று முதல் அறிக்கையில் ஊகித்திருந்தார்கள். குந்தியிருந்தவர் மேல் மேசை உயரத்திலிருந்து விழுந்தாலும் காயம் அப்படித்தான் இருக்கும். இதை உடுப்பு சொல்லியிருக்கும். ஆனால் நைற்றியை வெட்டியெடுத்துச் சாதாரண பொலித்தீன் பையில் போட்டிருந்தார்கள். மண்ணெண்ணெய் ஆவி அதற்குள் நிற்காது, கண்ணாடிப் போத்தலோ தகர டின்னோ வேண்டும். குசினியையும் மணம் போகவேண்டுமென்று அடுத்த நாளே ஊரவர்கள் கழுவிவிட்டார்கள்.

“வேணுமெண்டு செய்தவரோ?” என்று கேட்டேன்.

அது என் கேள்வி அல்ல. இன்னொருவர் மனதில் இருந்ததைப் பற்றி அவரிடம் கேட்க எனக்கு உரிமையில்லை என்று இப்போது நினைக்கிறேன். அவர் கண்ணை மூடினார். இறுக மூடவில்லை. அரை நிமிடம் கழித்துத் திறந்தார். திரும்பக் கேட்டபோது மூடியே இருந்தார். ‘பதில் பதியவில்லை’ என்று எழுதச் சொன்னேன். அதிகாரி ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு எழுதினார்.

மாலை ஐந்து மணிக்கு விசாரணை உத்தியோகத்தர் வந்து, கண்ணால் பதில் சொல்கிறாராமே, நானும் கேட்கலாமா என்றார். காய்ச்சல் ஏறியிருந்தது, கட்டு மாற்றக் கெற்றமின் என்ற மயக்க மருந்து கொடுத்திருந்தார்கள். எழுத்துச் சோதனையை மறுபடி செய்தேன்: ‘க’வுக்கு மட்டுமல்ல, சொன்ன எழுத்து எல்லாவற்றுக்கும் மேலே பார்த்தார். “நாங்கள் இப்ப கப்பல்ல இருக்கிறமோ?” ஓம். “உங்களுக்கு ஏழு பிள்ளையோ?” ஓம். மாறாட்டம். உத்தியோகத்தரிடம், “இப்ப என்ன கேட்டாலும் ஓம் எண்டுதான் வரும், சேர்” என்றேன். அவர் நம்பினார், நல்ல மனிதர். காலையில் நான் கேட்டதும் அப்படி வந்ததாக இருக்காதா என்று அவர் கேட்கவில்லை. எதிர்த்தரப்புக் கேட்கும், கேட்கவேண்டும். அதற்குத்தான் அந்தச் சோதனைத் தாளையும் பதிலோடு சேர்த்துத் தைத்துவைத்தோம். இப்போது எந்த வாக்குமூலத்துக்குக் கூப்பிட்டாலும் கேட்டதை ஓசைப்படி எழுதுகிறேன்: ‘அவர் – (தெளிவில்லை) ரேக்க – எரி(ஞ்/ச்)சது’. பார்க்க அவலட்சணமாக இருக்கும்.

அதன்பிறகு அவர் தெளியவில்லை. கிருமி இரத்தத்தில் பரவிவிட்டது.

பிரேத அறைக்கு வெளியே வாங்கில் அவருடைய அம்மா இருந்தார். என் கையைப் பிடித்து இருத்தினார். முதல் இரவு அந்த ஆஸ்பத்திரியில் நின்ற சிற்றூழியர் ஒருவர் அவரிடம் சொல்லியிருக்கிறார், குழாய் போடும்வரை மகள் “அப்பா, அப்பா” என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம். தகப்பன் 2009இல் போனவர்.

“தகப்பனைத் தானே, பிள்ளை, கூப்பிட்டவள்?”

உதடு வீங்கி மூக்கும் அடைத்திருந்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான் கேட்கும் என்று சொன்னேன்.

“அப்ப என்னையாவும் இருக்கும்.”

“ஓம் அம்மா. இருக்கலாம்.”

கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு இருந்தார். பிறகு என் கையில் இருந்த கோவையைப் பார்த்தார்.

“அதை எழுதிப்போடாதேங்கோ, என்ன.”